சிபிலிஸுக்கு ஒரு ஊசி போதுமா?

ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்து இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். ரத்த வங்கியிலிருந்து போன் வருகிறது. "சார், ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போக முடியுமா? போன்ல சொல்ற விஷயம் இல்ல. பயப்படவும் வேண்டாம்." பயப்பட வேண்டாம் என்று சொன்ன பிறகு யாரால் பயப்படாமல் இருக்க முடியும்? போனவர் கையில் ஒரு தாள் கொடுக்கிறார்கள். விடிஆர்எல் என்று அச்சடித்த வரிக்கு நேரே 'ரியாக்டிவ்', அதற்குப் பக்கத்தில் 1:16.

இவருக்குச் செல்வம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். முப்பது வயது, கல்யாணமானவர். காய்ச்சல் இல்லை, புண் இல்லை, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமைகூட கிரிக்கெட் ஆடினார். வெளியே வந்ததும் போனை எடுத்துத் தேடுகிறார். சிபிலிஸ். பால்வினை நோய். தலை சுற்றுகிறது.

இந்தியாவில் தானமாக வரும் ஒவ்வொரு ரத்தப் பையையும் ஐந்து நோய்களுக்குச் சோதிக்கிறார்கள்: எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மலேரியா, சிபிலிஸ். கர்ப்பிணிக்கு முதல் மாதங்களில் எடுக்கும் ரத்தத்திலும், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவரின் விசா மெடிக்கலிலும் இதே டெஸ்ட் உண்டு. அதனால் சிபிலிஸ் இருப்பதைப் பலர் தெரிந்துகொள்வது இப்படித்தான், எந்தத் தொந்தரவும் இல்லாத ஒரு நாளில், ஒரு தாளைப் பார்த்து. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022இல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட 80 லட்சம் பேருக்குப் புதிதாக சிபிலிஸ் தொற்றியிருக்கிறது. செல்வம் நினைப்பதுபோல அவர் தனி ஆள் கிடையாது.

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது முழுக்கக் குணமாகிற நோய். மருந்து பழையது, மலிவானது, எண்பது வருடமாகியும் வேகம் குறையாதது. ஆனால் இந்த நோயில் கண்ணை நம்பக் கூடாது. புண் ஆறினால் குணமாகிவிட்டது என்று கண் சொல்லும், அது பொய். தாளில் பாசிட்டிவ் என்று இருந்தால் நோய் போகவில்லை என்று கண் சொல்லும், அதுவும் பல நேரம் பொய். இந்த இரண்டும் ஏன் என்று புரிந்துவிட்டால் சிகிச்சை மொத்தமும் புரிந்த மாதிரி.

முதலில் பெயர்க் குழப்பம். நம் ஊரில் 'மேகநோய்' என்ற ஒரே மூட்டைக்குள் பல நோய்களைக் கட்டி வைத்திருக்கிறோம். வெட்டை என்றால் பெரும்பாலும் கொனோரியா, அதாவது சீழ் வருவது. கிரந்தி, மேகப்புண் என்று சொல்வது பெரும்பாலும் சிபிலிஸை. 'பறங்கிப்புண்' என்றும் ஒரு பெயர் உண்டு. பறங்கியர் கப்பலில் கொண்டுவந்த புண் என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் சமஸ்கிருத மருத்துவ நூலிலும் இதற்குப் 'பிரங்க ரோகம்' என்றே பெயர். நாம் மட்டும் அப்படிச் செய்யவில்லை. இத்தாலியர்கள் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள், ரஷ்யர்கள் போலந்து நோய் என்றார்கள். யாரைக் கேட்டாலும் பக்கத்து வீட்டிலிருந்துதான் வந்தது! இலங்கையில் 'பறங்கி' என்று சொன்னது வேறொரு நோயை. இதே கிருமியின் பங்காளி ஒன்றால் குழந்தைகளுக்குத் தோலோடு தோல் பட்டு வரும் புண் அது. உடலுறவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் அதையும் பென்சிலின்தான் விரட்டியது.

சரி, கிருமிக்கு வருவோம். ட்ரெப்போனிமா பாலிடம் என்பது அதன் பெயர். திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும் மெல்லிய பாக்டீரியா. சாதாரண மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குத் தட்டுப்படாத அளவுக்கு மெல்லியது. 1905இல் பெர்லினில் ஷௌடின், ஹாஃப்மன் என்ற இருவர் அதைக் கண்டுபிடித்தார்கள். உடலுக்கு வெளியே சீக்கிரம் செத்துவிடும். அதனால் டாய்லெட் சீட், துண்டு, டம்ளர் வழியாக வந்தது என்று சொல்லும் கதைகளை மரியாதையாகக் கேட்டுவிட்டு விட்டுவிடலாம். நோயாளியின் புண்மீது தோலோ உள்தோலோ படும்போது தொற்றும். பெண்ணுறுப்பு, ஆண்குறி, ஆசனவாய், வாய் எல்லாம் கணக்கில் சேர்த்தி.

தொற்றிய இடத்தில் சுமார் மூன்று வாரத்தில் ஒரு புண் வரும். பத்து நாளிலும் வரலாம், மூன்று மாதமும் ஆகலாம். புண் என்றால் வலிக்க வேண்டுமே, இது வலிக்காது. விளிம்பு தொட்டால் குருத்தெலும்பு மாதிரி கெட்டியாக இருக்கும். பெண்ணுக்குக் கருப்பை வாயிலோ, வாய்வழி உறவு கொண்டவருக்குத் தொண்டையிலோ வந்தால் வந்ததே தெரியாது. மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். நோயின் முதல் தந்திரமே இதுதான். இந்த இடைவெளியில் ஒருவர் களிம்பு தடவியிருந்தால் களிம்பு வென்றது, லேகியம் சாப்பிட்டிருந்தால் லேகியம் வென்றது, நேர்ந்துகொண்டிருந்தால் சாமி காப்பாற்றியது. எதுவுமே செய்யாதிருந்தாலும் ஆறியிருக்கும். கிருமி அதற்குள் ரத்தத்தில் ஏறிவிட்டது.

அடுத்த சில வாரங்களில் உடம்பெங்கும் தடிப்புகள் வரலாம். சிபிலிஸ் தடிப்பின் அடையாளம், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரும், பெரும்பாலும் அரிக்காது. பெரும்பாலான தோல் நோய்கள் அவ்வளவு சுலபமாக உள்ளங்கைக்குப் போவதில்லை. லேசான காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டுதல், பூச்சி அரித்த துணி மாதிரி அங்கங்கே முடி கொட்டுதல் இருக்கலாம். இதுவும் தானாகப் போய்விடும். இது இரண்டாவது தந்திரம்.

அப்புறம் அமைதி. வருடக்கணக்கில் எதுவும் நடக்காது, ரத்தத்தில் மட்டும் தெரியும். செல்வம் இருப்பது இந்தக் கட்டத்தில். சிகிச்சை எடுக்காமல் விட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பத்து இருபது வருடம் கழித்து நோய் திரும்பி வரும். அப்போது அது தோலில் நிற்காது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாடி, மூளை, தண்டுவடம் என்று பெரிய இடங்களில் கைவைக்கும். கண், காது, நரம்பை மட்டும் எந்தக் கட்டத்திலும் தாக்கலாம். அதனால் சிபிலிஸ் இருப்பவருக்குத் திடீரென்று பார்வை மங்கினாலோ, காது கேட்காமல் போனாலோ, விடாத தலைவலி வந்தாலோ மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

இப்போது அந்தத் தாளைப் படிக்கலாம். இதில் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் அழுகையும் குடும்பச் சண்டையும் பெரும்பாலும் இந்தத் தாளைத் தப்பாகப் படிப்பதால்தான் வருகின்றன.

விடிஆர்எல் டெஸ்ட் கிருமியைத் தேடுவதே இல்லை. கிருமியால் உடம்பின் செல்கள் சேதமாகும்போது ஒருவகைக் கொழுப்புப் பொருள் வெளிப்படும், உடம்பு அதற்கு எதிராக ஒரு பொருளை உண்டாக்கும். இந்த டெஸ்ட் பிடிப்பது அந்த எதிர்ப்பொருளைத்தான். டெஸ்டுக்குத் தேவையான கொழுப்பை முதலில் மாட்டின் இதயத்திலிருந்து எடுத்தார்கள் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆக, செல்லைச் சேதப்படுத்தும் வேறு சில சமாச்சாரங்களும் இந்த டெஸ்டை லேசாகத் தூண்டிவிடும். மலேரியா, தொழுநோய், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ், முதுமை, சில நேரம் கர்ப்பமேகூட. அப்படி வரும் பொய்யான ரியாக்டிவ் பெரும்பாலும் சின்ன எண்ணாக இருக்கும்.

எண் என்றால்? உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர் இருக்கிறது. அதில் பாதியை எடுத்து அதே அளவு தண்ணீர் கலக்கிறீர்கள். அதில் பாதியை எடுத்து மறுபடி அதே அளவு தண்ணீர். இப்படியே போனால் எத்தனையாவது டம்ளர் வரை நாக்கில் உப்புத் தெரிகிறது என்று பார்க்கலாம் அல்லவா? லேபில் ரத்தத்தின் தெளிந்த நீரை இப்படித்தான் பாதி பாதியாக நீர்க்கச் செய்கிறார்கள். 1:2, 1:4, 1:8, 1:16, 1:32 என்று போகும். செல்வத்தின் ரத்தம் பதினாறு மடங்கு நீர்த்தபோதும் டெஸ்டில் தெரிந்தது, முப்பத்திரண்டில் தெரியவில்லை. அவ்வளவுதான் 1:16க்கு அர்த்தம். மோரில் உப்பு அதிகமென்றால் இன்னும் தூரம் போகும்.

ஒரு படி கூடுவதையும் குறைவதையும் பொருட்படுத்த வேண்டாம். அதே ரத்தத்தை இரண்டு முறை பார்த்தாலே 1:8 என்றும் 1:16 என்றும் வரக்கூடும். இரண்டு படி மாறினால்தான் மாற்றம். 1:16 இருந்தது 1:4 ஆனால் இறங்கியிருக்கிறது. 1:4 இருந்தது 1:16 ஆனால் ஏறியிருக்கிறது.

இரண்டாவது டெஸ்டின் பெயர் டிபிஎச்ஏ. இது அந்தக் கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடும். விடிஆர்எல் ரியாக்டிவ் ஆனவரின் நோயை உறுதிசெய்ய இது வேண்டும். ஆனால் இது ஒருமுறை பாசிட்டிவ் ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ஆயுசுக்கும் பாசிட்டிவ்தான், குணமான பிறகும். பெரியவர்கள் சிலர் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்குமே, அந்த மாதிரி. தழும்பைப் பார்த்து அம்மை வந்திருக்கிறது என்று யாரும் பதறுவதில்லை. எண் தரும் விடிஆர்எல் இப்போதைய நிலவரத்தைச் சொல்லும், டிபிஎச்ஏ பழைய கதையைச் சொல்லும். செல்வத்துக்கு டிபிஎச்ஏவும் பாசிட்டிவ். இதற்கு முன் சிகிச்சை எடுத்ததில்லை. ஆகவே சிபிலிஸ் இருக்கிறது, மருந்து வேண்டும்.

மருந்து பென்சாத்தின் பென்சிலின். ஊசி. வேறு எதையும் அதற்குச் சமமாகச் சொல்ல முடியாது.

ஏன் மாத்திரை இல்லாமல் ஊசி? இங்கேதான் இந்த நோயின் சுவாரசியமான கணக்கு இருக்கிறது. பென்சிலின், பாக்டீரியா பெருகும்போது அதன் சுவரைக் கட்டவிடாமல் கெடுக்கும் மருந்து. சுவர் கட்டாமல் சும்மா இருப்பதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பல பாக்டீரியாக்கள் அரைமணிக்கு ஒருமுறை இரண்டாகும். சிபிலிஸ் கிருமி சோம்பேறி. இரண்டாகப் பிரிய ஒரு நாளுக்கு மேல், ஏறக்குறைய முப்பது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் மருந்து ரத்தத்தில் நிறைய இருப்பதைவிட, கொஞ்சமாக இருந்தாலும் இடைவிடாமல் பல நாள் இருக்க வேண்டும். சாதாரண பென்சிலினைச் சில மணி நேரத்தில் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். பென்சாத்தின் என்ற பொருளோடு சேர்ந்த பென்சிலினோ லேசில் கரையாது. பிட்டத் தசைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு சொட்டு நீர்ப் பாசனம் மாதிரி இரண்டு வாரத்துக்கு மேல் கசிந்துகொண்டே இருக்கும். ஒரே ஊசியில் காரியம் முடிவதன் ரகசியம் இது.

ஊசியை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். குப்பியில் வெள்ளைத் தூள். ஸ்டெரைல் வாட்டரை விட்டுக் குலுக்கினால் பால் மாதிரி ஆகும், தெளியவே தெளியாது. நர்ஸ் அதை இழுத்த கையோடு போட்டாக வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் துகள் படிந்து ஊசி அடைத்துக்கொள்ளும், அதனால்தான் ஊசியும் சற்றுத் தடிமன். மொத்தம் 24 லட்சம் யூனிட். அவ்வளவையும் ஒரு பக்கம் போட்டால் தாங்காது என்று 12 லட்சம் வலப்பக்கம், 12 லட்சம் இடப்பக்கம். வலிக்குமா? வலிக்கும். மெதுவாகச் செலுத்தினால் கொஞ்சம் குறையும், சில இடங்களில் மரத்துப்போகும் மருந்தைக் கலந்தும் போடுவார்கள். இரண்டு நாளைக்குப் பைக் சீட் எதிரி. போட்டுக்கொண்டு ஒரேயடியாக உட்கார்ந்துவிடாமல் நடமாடினால் நல்லது. இந்த மருந்தைத் தசையில் மட்டுமே போட வேண்டும், ரத்தநாளத்தில் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அதனால் தெரிந்தவர் வீட்டுக்கு வந்து போடும் ரகமில்லை இது.

வாதக் காய்ச்சலில் இதய வால்வு பாதித்த குழந்தைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுகிற 'பெனிடியூர்' ஊசியும் இதே மருந்துதான். வார்டில் அந்தக் குப்பியைப் பார்த்து யாரும் யாரையும் எடைபோட முடியாது.

சரி, எத்தனை ஊசி? தலைப்பில் கேட்ட கேள்வி இதுதான். தொற்றி ஓராண்டுக்குள் இருந்தால் ஒரு தடவை போதும். சில வழிகாட்டுதல்களில் இந்த எல்லை இரண்டாண்டு. அதைத் தாண்டியிருந்தால், அல்லது எப்போது தொற்றியது என்றே தெரியாவிட்டால், வாரத்துக்கு ஒன்றாக மூன்று வாரம். செல்வத்துக்குப் புண் வந்ததாக ஞாபகமே இல்லை, ஆக அவருக்கு மூன்று. போன வருடமும் ரத்தம் கொடுத்து அப்போது டெஸ்ட் சரியாக இருந்ததற்குத் தாள் இருந்திருந்தால் கணக்கு மாறியிருக்கும். ஒரு பழைய ரிப்போர்ட் இரண்டு வாரத்து வலியை மிச்சப்படுத்தியிருக்கும். நரம்பு, கண், காது பாதித்தவர்களுக்கு இந்த ஊசி போதாது. ஆஸ்பத்திரியில் சேர்த்து வேறு வகைப் பென்சிலினை 10 முதல் 14 நாள் ரத்தநாளம் வழியாகக் கொடுப்பார்கள். அதுவும் கிருமியைத்தான் கொல்லும். ஏற்கெனவே கெட்டுப்போன நரம்பைத் திருப்பித் தராது.

ஊசிக்கு முன்னால் டாக்டர் கேட்பார்: முன்பு பென்சிலினோ அமாக்சிசிலினோ எடுத்தபோது உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சு இரைத்ததா? ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் முன்கையில் துளி மருந்தைத் தோலுக்கடியில் போட்டுப் பார்ப்பது வழக்கம். ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து ஓடக் கூடாது. ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த அரைமணிக்குள் வரும், அதற்கான மருந்து அங்கேதான் இருக்கும். உண்மையிலேயே ஒவ்வாமை இருப்பவருக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 100 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. ஆரம்ப நோய்க்கு 14 நாள், பழைய நோய்க்கு 28 நாள். ஒரு வேளைகூட விடாமல் 28 நாள் மாத்திரை சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்பது சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முதல் ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சல் வரலாம். குளிர், தலைவலி, உடம்புவலி. தடிப்பு இருந்தவர்களுக்கு அது இன்னும் சிவக்கும். ஆரம்பக் கட்ட நோயில்தான் இது அதிகம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து அடுத்த ஊசிக்கே வராமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது உடம்பு காட்டும் எதிர்வினை இது, ஜாரிஷ், ஹெர்க்ஸ்ஹைமர் என்ற இரண்டு டாக்டர்களின் பெயரால் அறியப்படுகிறது. ஒரு நாளில் அடங்கிவிடும், பாராசிட்டமால் போதும். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல் என்றால் அது வேறு விஷயம், உடனே ஆஸ்பத்திரி.

இந்த வெள்ளை ஊசிக்கு முன்னால் மனிதர்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நூற்றாண்டுகளாகப் பாதரசம்தான் மருந்து. பல் விழுந்தது, எச்சில் குடம் குடமாக ஊற்றியது. எச்சில் ஊறுவதை நோய் வெளியேறுகிறது என்று நம்பினார்கள். 1910இல் பால் எர்லிக், ஜப்பானியரான சஹாச்சிரோ ஹாட்டாவோடு சேர்ந்து ஆர்சனிக் கலந்த மருந்தைக் கொண்டுவந்தார். பரிசோதித்தவற்றில் அது 606ஆவது கலவை. அப்புறம் மூளை பாதித்தவர்களுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றி, அந்தக் காய்ச்சல் சூட்டில் கிருமியைக் கொல்லும் வைத்தியம் வந்தது. அதற்காக வாக்னர் யவுரெக்குக்கு 1927இல் நோபல் பரிசே கிடைத்தது. 1943இல் அமெரிக்காவின் ஸ்டேட்டன் தீவில் ஜான் மஹோனி நான்கு நோயாளிகளுக்குப் பென்சிலின் கொடுத்துப் பார்த்தார். புண்ணிலிருந்து கிருமி சில மணி நேரத்திலேயே மறைந்தது. அதோடு பழைய வைத்தியம் எல்லாம் மூட்டை கட்டியது.

ஆனால் அதே அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 1932இல் தொடங்கிய ஓர் ஆய்வில் சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன நோய் என்றுகூட அவர்களுக்குச் சொல்லவில்லை. பென்சிலின் தாராளமாகக் கிடைத்த பிறகும் கொடுக்கவில்லை. 1972இல் செய்தி வெளியே வந்த பிறகுதான் நிறுத்தினார்கள். மருந்து கண்டுபிடிப்பதும் மருந்து கொடுப்பதும் வேறு வேறு வேலை என்பதற்கு இதைவிட அசிங்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது மெடிக்கல் ஷாப் சமாச்சாரம். 'கீழே புண்ணு, ஏதாவது கொடுங்கண்ணே' என்று கேட்டால் ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு அரிப்பு மாத்திரை, ஒரு களிம்பு என்று செட்டாகக் கொடுத்துவிடுவார்கள். புண் எப்படியும் ஆறும் என்று மேலே பார்த்தோம், ஆகவே கடைக்காரர் கைராசிக்காரர் ஆகிவிடுவார். அசித்ரோமைசினை எதிர்த்து நிற்கும் சிபிலிஸ் கிருமிகள் பல நாடுகளில் பரவியிருக்கின்றன. சிப்ரோஃப்ளாக்சசின் இந்தக் கிருமியை அசைக்காது. பென்சிலினை எதிர்க்க மட்டும் இத்தனை வருடத்தில் இது கற்றுக்கொள்ளவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ மருந்துகளைத் தோற்கடித்த கொனோரியாவோடு ஒப்பிட்டால் இது பெரிய அதிர்ஷ்டம். சிக்கல் என்னவென்றால், மருந்து மலிவு என்பதால் தயாரிப்பவர்கள் குறைவு. 2014க்கும் 2016க்கும் இடையில் பல நாடுகளில் தட்டுப்பாடே வந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசம். பால்வினை நோய்ப் பிரிவு, தோல் நோய்ப் பிரிவு, எதற்குப் போனாலும் பார்ப்பார்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு வகை அறிகுறிக்கும் ஒரு நிறத்தில் மருந்துப் பெட்டி உண்டு. பிறப்புறுப்பில் புண் என்றால் வெள்ளைப் பெட்டி. அதற்குள்ளேயே பென்சிலின் குப்பி, தண்ணீர், சிரிஞ்சு எல்லாம் இருக்கும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு நீலப் பெட்டி. அதே வளாகத்தில் நம்பிக்கை மையத்தில் எச்ஐவி டெஸ்டும் எடுத்துவிட வேண்டும். சிபிலிஸ் புண் எச்ஐவிக்குத் திறந்த கதவு, இரண்டும் சேர்ந்தே வரக்கூடும்.

கஷ்டமான பகுதி ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டில் இருக்கிறது. செல்வத்தின் மனைவிக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும். எடுக்காமல் இவர் மட்டும் மூன்று ஊசி போட்டுக்கொண்டால், அவருக்கு நோய் இருக்கும் பட்சத்தில் அது திரும்பி வரலாம். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்ற பாதுகாப்பு இந்த நோயில் கிடையாது. புதிதாகத் தொற்றிய ஒருவரோடு கடந்த மூன்று மாதத்துக்குள் உறவு வைத்திருந்தவருக்கு டெஸ்ட் நெகட்டிவ் என்றாலும் ஊசி போட்டுவிடுவார்கள். ஆரம்ப வாரங்களில் ரத்தத்தில் தெரியாது என்பதால் இந்த முன்னெச்சரிக்கை.

'யாருகிட்ட இருந்து யாருக்கு?' என்ற கேள்வி வந்தே தீரும். எந்த டெஸ்டாலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் வந்ததாக இருக்கலாம், பத்து வருடப் பழசாகவும் இருக்கலாம். இருவரில் யாருக்கு எண் அதிகமோ அவர்தான் முதலில் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அது தப்பான கணக்கு. நான் பார்த்தவரை, தனியாகப் போய்ப் பேசி மாட்டிக்கொள்வதைவிட கவுன்சிலர் முன்னால் இருவரும் சேர்ந்து உட்கார்வது மேல். ஊசிகள் முடிந்து ஒரு வாரம் வரை, புண் இருந்தால் அது ஆறும் வரை, உறவு வேண்டாம். அதன் பிறகு ஆணுறை பெரிய பாதுகாப்பு, ஆனால் அது மூடாத இடத்தில் இருக்கும் புண்ணிலிருந்து காப்பாற்றாது.

மனைவி கர்ப்பமாக இருந்தால் அவசரம் கூடுகிறது. நஞ்சுக்கொடி வழியாகக் கிருமி சிசுவுக்குப் போகும். கரு கலையலாம், குழந்தை இறந்து பிறக்கலாம், பிறந்த குழந்தைக்கு எலும்பும் ஈரலும் கண்ணும் பாதிக்கலாம். இதற்குப் பென்சிலின் ஒன்றே மருந்து, டாக்ஸிசைக்ளின் கூடாது. ஒவ்வாமை இருந்தால்கூட ஆஸ்பத்திரியில் வைத்துத் துளித் துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்கி, பிறகு பென்சிலினே போடுவார்கள். பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது போட்டுவிட வேண்டும். மூன்று ஊசி என்றால் வாரம் தவறக் கூடாது, இடைவெளி நீண்டால் முதலிலிருந்து. இதைச் சரியாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதைக் காட்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தாயிடமிருந்து குழந்தைக்கு சிபிலிஸும் எச்ஐவியும் பரவுவதை ஒழித்த நாடு என்று மலேசியா 2018இலும் இலங்கை 2019இலும் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் வாங்கின. புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. கர்ப்பிணிகளைத் தேடிப் பிடித்துச் சோதித்து, இதே பழைய ஊசியை நேரத்துக்குப் போட்டார்கள்.

ஊசி முடிந்தது. குணமானது எப்படித் தெரியும்? மறுவாரமே டெஸ்ட் எடுத்துப் பார்த்து அதே 1:16 இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். எதிர்ப்பொருள் மெதுவாகத்தான் இறங்கும். 3, 6, 12 மாதங்களில் பார்ப்பார்கள், பழைய நோய் என்றால் 24ஆம் மாதமும். ஆரம்ப நோய்க்கு ஓராண்டுக்குள் இரண்டு படி இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது. பழைய நோய்க்கு இரண்டாண்டு வரை பொறுக்க வேண்டும். முடிந்தவரை ஒரே லேப், ஒரே டெஸ்ட். ஆர்பிஆர் என்று இன்னொரு டெஸ்ட் உண்டு, அதன் எண் விடிஆர்எல் எண்ணைவிடச் சற்று அதிகமாக வரும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று எடுத்து ஒப்பிட்டால் நோய் ஏறிவிட்டதாகத் தோன்றும்.

சிலருக்கு எண் 1:2, 1:4 என்று கீழே வந்து அங்கேயே நின்றுவிடும், வருடக்கணக்கில். தழும்பு மாதிரிதான் அதுவும். டாக்டர் பரிசோதித்து வேறு அறிகுறி இல்லை, புதிதாகத் தொற்ற வாய்ப்பும் இல்லை என்று சொன்னால் ஊசிமேல் ஊசி போட்டு அந்த எண்ணைத் துரத்த வேண்டியதில்லை. எண் இரண்டு படி மேலே ஏறினால் மட்டும் மறுபடி தொற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதனால்தான் தாள்களைத் தூக்கிப்போடக் கூடாது. வெட்கப்பட்டுக் கிழித்து எறிகிறவர்கள் ஐந்து வருடம் கழித்து விசா மெடிக்கலில் டிபிஎச்ஏ பாசிட்டிவ் என்று வரும்போது, எப்போது என்ன ஊசி போட்டார்கள் என்று நிரூபிக்க ஒன்றுமில்லாமல் நிற்பார்கள். வேறு வழியில்லாமல் மறுபடி மூன்று ஊசி. முதல் எண், ஊசி போட்ட தேதிகள், பின்னால் எடுத்த எண்கள் எல்லாம் இருந்தால் அதைப் பார்த்து எழுதித் தர டாக்டருக்கும் வசதி.

செல்வத்தின் ஃபைலில் இப்போது ஐந்து தாள். முதல் தாளில் 1:16, கடைசித் தாளில் 1:2. மனைவிக்கு நெகட்டிவ். இனி ரத்தம் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டார். முடியாது, சிபிலிஸ் வந்தவரிடம் ரத்தம் எடுப்பதில்லை என்பது இங்குள்ள ரத்ததான விதி, குணமாகிவிட்டதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அடுத்த முகாமில் அவர் பிஸ்கட்டும் ஜூஸும் எடுத்துக்கொடுக்கும் மேஜையில் உட்கார்ந்துகொண்டார்.